இறந்தவன் ஞாயிறுதோறும் சாப்பிட வருவான்!

டெலிபோன் அலறியது.

விஸ்வநத்தம். பட்டாசுப் பெட்டி ஒட்டும் கம்பெனி. தீபாவளி சீசன்.

"வேலுத்தாயி! மெட்ராஸ்ல இருந்து ஒனக்குத்தான் போனு!"

பசைக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடினாள் வேலுத்தாய்.

"அத்தை... நான் மாரிசெல்வி பேசுறேன்."

பக்கத்து வீட்டுப் பெண். சென்னையில் ஒரு கொரியன் ஓட்டலில் பரிமாறுகிறவள்.

"என்ன தாயி, கொரலு நடுங்குது?"

"பயப்படாமக் கேளுங்க அத்தை... பாலகுரு மாமா இங்கன உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு!"

ரிசீவர் நழுவியது.

பாலகுரு... அவள் புருஷன்... செத்து மூன்று வருஷம் ஆகிறது!

2005-ல் ஒரு விடுமுறை நாள். பாலகுரு வேலை பார்த்த பட்டாசு ஆலையில், ஆள் இல்லாத நேரத்தில், மருந்து கலக்கும் அறை வெடித்தது. உள்ளே கிடந்தது ஒரே ஒரு கரிக்கட்டை. அதன் கையில் இருந்த வாட்ச்சைப் பார்த்துத்தான், 'ஐயோ, என் புருஷன்!' என்று மார்பில் அடித்துக்கொண்டாள் வேலுத்தாய்.

அதே நாளில் அவள் தம்பி சின்னச்சாமியையும் காணவில்லை. பம்பாய்க்கு ஓடிவிட்டான் என்றது ஊர்.

மச்சான் சாவுக்குக்கூட வராதவன்! அன்றிலிருந்து அவன் பேரைச் சொன்னாலே மண்ணை வாரித் தூற்றுவாள்.

விருதுநகர். மெட்ராஸ் போகத் துணை கேட்டு ஸ்டேஷனுக்கு வந்த வேலுத்தாயைப் பார்த்து இன்ஸ்பெக்டர் தனுஷ்கோடி கண்ணைச் சுருக்கினார்.

"அந்தப் புள்ளை நல்லாப் பார்த்துச்சா?"

"சின்னதுல இருந்து அவரத் தெரியும்யா. ஞாயித்துக்கிழமை மத்தியானமானா தவறாம வாராராம்."

"அப்ப கேசுதான்!"

"கேசெல்லாம் வேண்டாம்யா..." கையெடுத்துக் கும்பிட்டாள். "தலையில அடிபட்டு ஊரு பேரு மறந்திருக்கும். உயிரோட இருந்தாப் போதும். நான் கூட்டிட்டு வந்துருறேன்."

எழும்பூரில் இறங்கியதும் முதல் வேலையாக ஒரு முழம் மல்லிகைப்பூ வாங்கினாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு...

கூட வந்த தனுஷ்கோடி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

ஞாயிறு. மதியம் ஒரு மணி.

கொரியன் ஓட்டல் வாசலில் கியூ. உள்ளே பாதிப் பேர் கார் கம்பெனிக் கொரியர்கள். ஒவ்வொரு மேஜையின் நடுவிலும் நெருப்பு. அதன் மேல் கறித்துண்டுகள் சீறின.

நெருப்பைப் பார்த்து ஓர் அடி பின்வாங்கினாள் வேலுத்தாய்.

மப்டியில் இருந்த தனுஷ்கோடி இரண்டு இரும்புக் குச்சிகளோடு மல்லுக்கட்டினார்.

"ஏம்மா மாரிசெல்வி, இதை வச்சு ஒரு வாய் திங்கிறதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிருவேன் போலிருக்கே!"

"சத்தம் போடாதீக சார்... அந்தா வாராரு!"

பாலகுரு!

சதை போட்டிருந்தான். கூடவே ஓர் இளம்பெண்.

பக்கத்து மேஜை. கறியை அவனே சுட்டான். பச்சை இலையில் வைத்தான். ஊறிய முட்டைக்கோஸ் ஒரு துண்டு சேர்த்தான். மடித்தான்.

"ஆ காட்டு ஓவியா..."

ஊட்டினான்!

பதினோரு வருஷம் அவனோடு வாழ்ந்தவள் வேலுத்தாய். 'சாப்பிட்டியா' என்று ஒரு நாள் கேட்டதில்லை அவன்.

எழுந்து அவன் மேஜைக்குப் போனாள்.

"என்னங்க..."

அவன் கையிலிருந்த குச்சிகள் தட்டில் விழுந்தன.

"யாரும்மா நீ?"

"வேலுத்தாயிங்க..."

"தெரியாது. என் பேரு ஜெயபால்."

தனுஷ்கோடி நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"விருதுநகர் போலீஸ். செத்தவன் இம்புட்டுச் சதை போட்டு நான் பார்த்ததில்ல பாலகுரு!"

"ஆள் தெரியாமப் பேசுறீங்க சார்..."

"எனக்கு ஒரே சந்தேகந்தாண்டே. நீ இங்கன இருக்க. அங்கன எரிஞ்சவன் கையில உன் வாட்ச்சு எப்படி வந்துச்சு?"

அடுப்பில் கறி கருகியது.

"நான் ஒண்ணும் பண்ணல சார்! சின்னச்சாமிதான் ஆசைப்பட்டு வாங்கிக் கட்டிக்கிட்டான்!"

"சின்னச்சாமியா?" தனுஷ்கோடி நிமிர்ந்தார். "அந்தப் பேரை இங்க யாரும் சொல்லலையே!"

பாலகுரு உதட்டைக் கடித்துக்கொண்டான்.

இனிக் கடித்து என்ன பயன்!

"என் தம்பிய்யா..." வேலுத்தாயின் குரல் கிழிந்தது. "அப்ப... நான் எரிச்சது என் தம்பியவா? அவன் பம்பாயில இல்லையா?"

பாலகுருவின் கண்கள் வாசலுக்கு ஓடின.

"மூணு வருசமா நாசமாப் போயிருன்னு வஞ்சேனே... என் இடுப்புல தூக்கி வளர்த்த புள்ளையாச்சே..."

ஓவியா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"அனாதைன்னுதானே சொன்னீங்க?"

பாலகுரு உடைந்தான்.

"எனக்கும் ஓவியாவுக்கும் இருந்த பழக்கம் அவனுக்குத் தெரிஞ்சு போச்சு சார். ஆலைக்கே வந்து சண்டை போட்டான். தள்ளினேன்... தலை தூண்ல மோதிருச்சு. உயிரு போயிருச்சுன்னு நெனச்சேன்... வாட்ச்சைக் கட்டிவிட்டு, தீ வச்சிட்டு..."

"நெனச்சியா?" வேலுத்தாய் அவன் சட்டையைப் பிடித்தாள். "மூச்சு இருந்துச்சான்னு பார்க்கலையா?"

தலை குனிந்தான்.

அவள் கை தானாக விலகியது. தரையில் சரிந்தாள். மாரிசெல்வி ஓடி வந்து தாங்கிக்கொண்டாள்.

"வேலு... நான் உன் புருஷன்... நீ ஒரு வார்த்தை சொன்னா..."

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"என் புருஷன் செத்துட்டான். சர்க்கார்ல சர்டிபிகேட்டே தந்திருக்காக."

பாலகுரு அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

"கேட்டீகளா சார்! ரெக்கார்டுல நான் செத்தவன்! செத்தவன் மேல எப்படிக் கேசு போடுவீக?"

'க்ளிக்' என்று விலங்கைப் பூட்டினார் தனுஷ்கோடி.

"தாராளமாப் போடலாம்லே... செத்தவனுக்கு ஜாமீன் கேட்டு ஒரு பய வரமாட்டான்!"