போட்டு வாங்கோ

ஒன்பதாம் அறையிலிருந்து ஆளைக் கூப்பிடும் மணி விளக்கு எரிந்தது. அந்த அறைக் கிழவரைக் காலையில்தான் பையில் போட்டு, சிப்பை இழுத்து மூடிக் கொண்டுபோனார்கள்.

டிசம்பர் மாதம். நாலு மணிக்கே லண்டன் இல்ஃபோர்டில் இருட்டிவிட்டது. லலிதா கையுறையைக் கழற்றாமல் விளக்கைப் பார்த்தபடி நின்றாள். இந்த முதியோர் இல்லத்தில் ஒன்பது வருடம் மலம் துடைத்து, ஆட்களைத் தூக்கிப் புரட்டி முதுகு போனவள். பிணம் அவளுக்குப் புதிதல்ல.

கிழவர் பெனிக்னோ பிலிப்பைன்ஸின் செபுத் தீவுக்காரர், கப்பலின் எஞ்சின் அறையில் வெந்து கிழடானவர். மறதி நோய் ஆங்கிலத்தைத் தின்றுவிட, ஊர்ப் பாஷையான செபுவானோ மட்டும் மிஞ்சியது. இரண்டு விரலால் அவள் மணிக்கட்டைப் பிடித்து, "நஹட்லொக் கோ" என்று நடுங்குவார். நடுக்கத்தைப் பார்த்து, "பயப்பிடாதேங்கோ ஐயா" என்று தமிழில் சொல்லிவைப்பாள். அதே தீவுக்காரி, துணி துவைக்கும் நெனிதாதான் பிறகு சொல்லிக்கொடுத்தாள்: அவர் சொல்வது 'எனக்குப் பயமாக இருக்கிறது', நீ 'அயாவ் கஹட்லொக்', பயப்படாதே என்று சொல்.

"இங்கிலீஷில லீவு கேக்கத் தெரியாது, இவவுக்குப் பிலிப்பைன்ஸ் பாசை!" என்று குசினியில் சமைக்கும் கிறிஸ்துநாயகம் அண்ணை சிரித்தார்.

தனக்குப் பயம் என்று லலிதா எந்தப் பாஷையிலும் சொன்னதில்லை. சொன்னால் ஷிப்ட் போய்விடும்.

காலையில் தள்ளுவண்டி லிஃப்டுக்குள் போனபோதுதான் பழக்கத்தில் வாய் தவறியது. "போட்டு வாங்கோ ஐயா." செத்தவீட்டிலிருந்து வெளிக்கிடுகிறவர்கூடப் போட்டு வாறன், போய் வருகிறேன் என்று சொல்வதில்லை. அவள் செத்தவரையே வரச் சொல்லிவிட்டாள்.

"அண்ணை, ஒன்பதில மணி அடிக்குது."

"வயர் பழுதாக்கும். போய் அமத்திப்போட்டு வாரும் பிள்ளை."

"நீங்களும் ஒருக்கா வாங்கோவன்."

"சூப் பொங்குது. செத்த மனிசன் தேத்தண்ணியோ கேக்கப்போகுது?"

ஹீட்டர் குழாய்கள் முனகிக்கொண்டிருந்த நடையில், பிளீச்சும் மூத்திரமும் வெந்த முட்டைக்கோசும் கலந்த அந்த மாறாத வாடைக்குள் நடந்தவளுக்கு, ஒன்பதாம் கதவை நெருங்க நெருங்க எஞ்சின் எண்ணெய் மணத்தது. உள்ளே போனாள். பாரமான தீத்தடுப்புக் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. சுவரிலிருந்த பொத்தானை அமத்தினாள். விளக்கு அணைந்தது.

மறுபடி எரிந்தது.

கதவைத் தள்ளினாள். அசையவில்லை. தோளால் இடித்தாள். நடையில் யாரோ தேநீர் வண்டியைத் தள்ளிக்கொண்டு கடந்துபோனார்கள். நிற்கவில்லை.

விரிப்பில்லாத மெத்தை. பிளாஸ்டிக் உறையில் ஒரு குழி. ஆள் அளவுக்கு.

"அயாவ் கஹட்லொக்," என்றாள்.

மணிக்கட்டில் இரண்டு விரல். ஈரம். குளிர்.

கத்த வாயைத் திறந்தாள். தமிழ் வரவில்லை.

"நஹட்லொக் கோ."

கட்டிலிலிருந்து பதில் வந்தது. அதே கரகரத்த குரல். அவளிடம் கேட்டுக் கேட்டுப் பழகிய தமிழ்.

"பயப்பிடாதேங்கோ."

பிளாஸ்டிக் நெரிந்தது. குழி மெல்லச் சுவர்ப்பக்கம் நகர்ந்து, இன்னொருவர் படுக்க இடம் விட்டது.