தொட்ட காய்

“நாலாவது மேசை... குடவாசல் வேம்பு, திருவிடைமருதூர் நாகநாதன்!”

சதுரங்கப் போட்டி நடுவர் வாசித்ததும் வேம்புக்குத் திக்கென்றது. அப்பா மருதையனைக் குத்தகை நிலத்திலிருந்து வெளியேற்ற வழக்குப் போட்டிருக்கிறாரே, அந்தப் பண்ணையாரின் மகன்! யாரிடம் தோற்றாலும் இவனிடம் தோற்கக் கூடாது.

ஆனால் அந்தக் கண்கள்... சே, இவ்வளவு கறுப்பாகவா இருக்க வேண்டும்?

அவன் ராஜாவுக்கு முன்னிருந்த சிப்பாயை நகர்த்தினான். அவள் சிசிலியன் தற்காப்பு என்ற ஆட்டமுறையில் இறங்கினாள்.

“தற்காப்புன்னு பேரு... அடிக்கத்தானே வர்றீங்க!”

“ஆடும்போது பேசக் கூடாதுங்க.”

இருபதாவது நகர்த்தல். கடிகாரம் விரட்டியது. அவள் கால் ஓயாமல் தரையைத் தட்டியது. குதிரையை எடுக்கப் போன விரல், பதற்றத்தில் யானையைத் தொட்டுவிட்டது! தொட்ட காயைத்தான் ஆட வேண்டும். நடுவரோ ஜன்னலில் மழை பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் பாக்கலைங்க... குதிரையையே ஆடுங்க,” என்றான் மெல்ல.

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. “உங்க வீட்டுல விட்டுக்கொடுத்து எங்களுக்கு எதுவும் வேணாம்.”

அவன் முகம் வாடியது. அது ஏன் அவளுக்கு வலிக்க வேண்டும்?

யானைக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. யானையையே பலி கொடுத்து அவன் குதிரையை வெட்டினாள். அவன் ராஜாவின் காவல் சிதறியது. பத்தே நகர்த்தலில் தோல்வியை ஒப்புக்கொண்டு கை நீட்டினான். அவள் குலுக்கவில்லை. தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு விறுவிறுவென்று வெளியேறினாள்.

பஸ் வரவில்லை. மழையில் தொப்பலாக நனைந்து அவன்தான் வந்தான்.

“அப்பா பக்கம் பொய்ச் சாட்சி சொல்ல மாட்டேன்னு வீட்டுல சொல்லிட்டேங்க. உங்கப்பா இருபது வருஷமா உழுத நிலம் அது. உங்களுக்காக விட்டுக்கொடுக்கல... போன வாரமே சொல்லிட்டேன், உங்களப் பாக்குறதுக்கு முன்னாடியே.”

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

“பார்த்தப்புறம் நடந்தது வேற. உங்க கண்ணப் பாத்தே தோத்துட்டேன்.”

“அப்ப நான் ஆடி ஜெயிக்கலையா?”

“ஐயோ, ஆட்டத்துல நீங்கதாங்க ஜெயிச்சீங்க! நான் தோத்தது... எதிர்ல உக்காந்த உடனேயே. உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு வேம்பு.”

மழை வலுத்தது. அப்பாவின் முகம் வந்து போனது. அவள் மெல்லக் கையை நீட்டினாள்.

அவன் தயங்கினான். “யோசிச்சுத் தொடுங்க... தொட்டா அப்புறம் மாத்த முடியாது.”

“எனக்கும் சட்டம் தெரியுங்க,” என்று சொல்லி, அவன் ஈரக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.