சாம்பல்குருவி கலையவில்லை

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு அவள் அம்மா வீட்டுப் படியேறியபோது, வீடு உண்ட மயக்கத்தில் கிடந்தது. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள் அவள். ஆறு நாள் ஊராரின் பார்வையைச் சரிசெய்துவிட்டு, ஏழாம் நாள் அம்மாவைப் பார்க்க வருவாள். அம்மா கதவைத் திறந்து, "சாப்டியா?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்காமல் போய்ப் படுத்துக்கொண்டாள். எட்டு மாதமாக அம்மா இப்படித்தான்.

எட்டு மாதத்துக்கு முன்னால் தம்பி போய்விட்டான். வயது இருபத்தாறு. மூன்று நாள் காய்ச்சல், நான்காம் நாள் ஆள் இல்லை.

அவன் அறையில் இன்னும் அவன் வாசம் இருந்தது. தலைக்குத் தேய்க்கும் தைலம், சூடேறிய கம்பி, துவைக்காத போர்வை. அவள் ஜன்னலைத் திறக்காமல் கணினியை மட்டும் போட்டாள். வாசம் போய்விடும் என்ற பயம்.

அவன் வருஷக்கணக்காக விளையாடிய இணைய விளையாட்டில் அவனுக்குப் பெயர் சாம்பல்குருவி. ஆறடி உயரம், முதுகில் வாள், கையில் கேடயம், பெயர் மட்டும் குருவி. கூட்டாளிகளும் சளைத்தவர்கள் இல்லை. ஒருவன் கொட்டாவி, ஒருத்தி இரும்புவாளி, கூட்டத்துக்குத் தலைவன் தலைவலி. ஒருவருக்கும் மற்றவரின் சொந்தப் பெயர் தெரியாது, முகம் தெரியாது. ஆனாலும் தலைவலிக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை என்பதும், கொட்டாவிக்கு மாமியார் தொல்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

அந்த விளையாட்டில் ஒரு விதி உண்டு. தொண்ணூறு நாள் உள்ளே வராதவரின் பெயரைப் பொதுவில் விட்டுவிடுவார்கள். யார் வேண்டுமானாலும் அதை எடுத்து மாட்டிக்கொள்ளலாம். தம்பியின் மின்னஞ்சலுக்கு வந்த எச்சரிக்கை மடலை அவள்தான் பார்த்தாள். வங்கியில் அவன் பெயரை அடித்துவிட்டார்கள், வேலை செய்த இடத்தில் அடித்துவிட்டார்கள். இந்த ஒன்றையும் எவனோ ஒருவனுக்குத் தூக்கிக் கொடுப்பதா? தம்பி எழுதி வைத்திருந்த கடவுச்சொல்லைத் தேடிப்பிடித்து உள்ளே போனாள். பெயர் பிழைத்தது.

தப்பு நடந்தது, கெடு மறுபடி நெருங்கி அவள் இரண்டாம் முறை உள்ளே போனபோது.

அன்றும் ஞாயிற்றுக்கிழமை, மூன்று மணி. அது கூட்டாளிகள் கோட்டை மண்டபத்தில் கூடுகிற நேரம் என்று அவளுக்குத் தெரியாது. தலைவலி வரிசையாகப் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். ஒவ்வொருவரும் "இருக்கேன்" என்று எழுதினார்கள். சாம்பல்குருவி என்ற பெயர் வந்ததும் அவள் விரல் நின்றது. இல்லை என்று எழுத மனம் வரவில்லை.

"இருக்கேன்" என்று எழுதினாள்.

எழுதிய கையோடு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கணினியை அப்படியே அணைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அது நடந்து இரண்டரை மாதம் ஆகிறது.

இன்று பெயரைத் தட்டினாள். கடவுச்சொல்லைத் தட்டினாள். திரையில் ஒரு வரி வந்தது.

'இந்தப் பெயர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது.'

அன்று ஒழுங்காக மூடாததன் வினை என்று நினைத்துக்கொண்டாள். தொடரலாமா என்று கேட்டதற்குச் சரி என்றாள். மண்டபம் திறந்தது. சாம்பல்குருவி தூணோரம் நின்றான். எதிரே மூன்று பேர், மூவரும் அவனைப் பார்த்தபடி.

அவள் எழுதினாள்: "மன்னிச்சிடுங்க. நான் சாம்பல்குருவியோட அக்கா. அவன் போய் எட்டு மாசமாச்சு. அன்னைக்கு இருக்கேன்னு போட்டது நான்தான்."

தலைவலி, காதில் மாட்டிக்கொள்ளுங்கள், பேச வேண்டும் என்று எழுதினான். தம்பியின் ஹெட்ஃபோனை அவள் காதில் மாட்டினாள். அதன் பஞ்சில் அதே தைலம் மணத்தது.

"அக்கா." தலைவலியின் குரல் எதிர்பார்த்ததைவிடச் சின்னதாக இருந்தது. "எட்டு மாசமா?"

"ஆமாப்பா."

"போன வாரம் எங்ககூடப் பேசினானே அக்கா."

"எழுதினானா?"

"இல்லக்கா. வாயால."

இரும்புவாளி குறுக்கிட்டாள். நடுத்தர வயதுப் பெண்ணின் குரல். "இங்க ஒரு பழக்கம் உண்டும்மா. இருக்கேன்னு சொன்னவங்க, தலைவர் 'கலையலாம்'னு சொல்ற வரைக்கும் மண்டபத்தை விட்டுப் போகக்கூடாது. சண்டைக்கு நடுவுல போனா மத்தவங்க மாட்டிக்குவாங்க இல்லையா, அதான். அன்னைக்கு நீங்க டக்குனு போயிட்டீங்க. ஆனா அவன் போகல. ரெண்டரை மாசமா இந்தத் தூண்கிட்டயே நிக்கறான். நாங்க ஏதோ வீம்புன்னு நினைச்சோம்."

"போன வாரம் என்னதான் சொன்னான்?"

தலைவலிதான் பதில் சொன்னான்.

"'என்னை யாரும் கலையலாம்னு சொல்லலையே'ன்னான்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பயத்தைவிடப் பரிதாபம்தான் முதலில் வந்தது. நிம்மதியாகப் போன பிள்ளையை வாசலில் நிற்க வைத்துவிட்டோமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. எந்தப் பெயரைக் காப்பாற்ற இந்தப் பாடுபட்டாளோ, அதைக் கொண்டே அவனைக் கட்டிப்போட்டிருக்கிறாள்.

"இப்பச் சொல்லுப்பா, கலையலாம்னு. உனக்குப் புண்ணியமாப் போகும்."

தலைவலி தொண்டையைக் கனைத்தான். "சாம்பல்குருவி. கலையலாம்."

அவன் அசையவில்லை.

"சாம்பல்குருவி, கலையலாம்டா. போதும், போ."

தூணோரம் நின்றவன் மெல்லத் திரும்பினான். அவள் கைகள் இரண்டும் மடியில் இருந்தன.

அவன் திரைக்கு வெளியே பார்த்தான்.

அவளைப் பார்த்தான்.

கீழே எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன. 'அக்கா கூப்பிட்டா. இருக்கேன்.'

"அக்கா," தலைவலி கிசுகிசுத்தான், "பேரை விட்டுடுங்க. பேர் இருக்கறதாலதான் நிக்கறான்."

பெயரைத் துறக்கும் பக்கத்தைத் தலைவலி சொல்லச் சொல்ல அவள் தேடிப் போனாள். நிச்சயமா என்று திரை கேட்டது. தம்பிக்கு முதன்முதலில் செருப்பு மாட்டிவிட்டவள் அவள்தான், பள்ளிக்கூடத்தில் கையைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டவளும் அவள்தான். இப்போது அவனை அனுப்பிவைக்கிற வேலையும் அவள் தலையில். "போய்ட்டு வாடா கண்ணா," என்றாள் வாய்விட்டு. அழுத்தினாள்.

அவன் தலைக்கு மேலிருந்த பெயர் அழிந்தது.

ஆள் அழியவில்லை.

பெயர் இருந்த இடம் வெறுமையாக இருக்க, அவன் அதே இடத்தில் நின்றான். காதுக்குள் ஒரு மூச்சுச் சத்தம். தலைவலியுடையது இல்லை, கொட்டாவியுடையதும் இல்லை. காய்ச்சலின் மூன்றாம் நாள் இரவு முழுக்க அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட மூச்சு அது.

"இனிமே என்னை எப்படிக் கூப்பிடுவீங்க?"

கொட்டாவி "ஐயோ" என்று கத்திவிட்டுக் காணாமல் போனான். இரும்புவாளியும் மறைந்தாள்.

"அக்கா, ஒண்ணு மட்டும்," என்றான் தலைவலி. "வீட்ல அவனை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவீங்களோ, அதை மட்டும் வாயில எடுத்துடாதீங்க. வேற பேர் தேடறான்." அவனும் போய்விட்டான்.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அந்தப் பெயர் நாக்கு நுனியில் நின்றது. மேசைக்கடியில் குனிந்து கணினியின் மின்கம்பியைப் பிடித்து இழுத்தாள். திரை அணைந்தது. ஹெட்ஃபோனைக் கழற்றிக் கட்டிலில் எறிந்தாள். மூச்சுச் சத்தம் நின்றுவிட்டது. மணி மூன்றே கால். வெளியே யாரோ வாகனத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள், வாளியில் தண்ணீர் சலசலத்தது. வியர்வையைத் துடைத்தாள். முடிந்தது, அவன் போய்விட்டான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அடுப்படியில் பாத்திரம் உருண்டது. அம்மா எழுந்துவிட்டாள் போல.

பிள்ளை பெற்ற அம்மாக்களுக்கெல்லாம் ஒரு கோளாறு உண்டு. ஒரு பிள்ளையைக் கூப்பிட வந்து இன்னொரு பிள்ளையின் பெயரைச் சொல்வார்கள். எத்தனை வயதானாலும் அது போகாது. டீ டம்ளரோடு நடைவழியில் வந்த அம்மா, அறைக்குள் அரவம் கேட்டு, மகளைக் கூப்பிட வாயெடுத்தாள். தூக்கக் கலக்கம். வந்தது தம்பியின் பெயர். அந்தப் பெயரை நாமும் இங்கே எழுத வேண்டாம்.

அவள் பாய்ந்து போய் அம்மாவின் வாயைப் பொத்துவதற்குள், முழுப் பெயரையும் அம்மா சொல்லி முடித்துவிட்டாள்.

அறைக்குள்ளிருந்து, அவளுக்குப் பின்னாலிருந்து, பதில் வந்தது.

"இருக்கேம்மா."

பிடுங்கிய மின்கம்பி இன்னும் அவள் கையில் இருந்தது. திரும்பிப் பார்க்க அவளால் முடியவில்லை. அம்மாவின் முகத்தைத்தான் பார்த்தாள். அம்மா பதறவில்லை, டம்ளரைக்கூடத் தவறவிடவில்லை. மகளின் தோளைத் தாண்டி நாற்காலிப் பக்கம் பார்த்தாள். எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவள் முகம் மலர்ந்தது.

"இரு, உனக்கும் ஒரு டம்ளர் எடுத்துட்டு வரேன்," என்றாள்.