நேர் ரோட்டில் போன கார்

“கேட்டுடுவியா?” என்றாள் அக்கா.

“கேட்டுடறேன்.”

“எப்போ?”

“வர்ற வழியில. நேர் ரோட்டுல வந்தா அஞ்சு மணி நேரம், இவர் ரோட்டுல ஏழு. அவ்வளவு நேரமும் வண்டிக்குள்ளதானே உக்காந்திருக்கணும்? எங்க எழுந்து போயிடுவார்?”

“போன தடவையும் இதையேதான் சொன்ன.”

மூன்று நாட்களுக்கு முன் போனில் நடந்த பேச்சு. காரில் ஏறியதிலிருந்து அவள் அதையே மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தாள். கேட்க வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். பாப்பாவை இந்த முறை வீட்டுக்குக் கூட்டி வந்துவிடலாம். நான்கு வயதில் அக்கா வீட்டில் விட்ட பெண்ணுக்கு இப்போது ஏழு வயது. அவருக்கு ஊர் ஊராக வேலை, அவளுக்கு ரத்தப் பரிசோதனை லேபில் ஷிஃப்ட், இரண்டு வருஷம் மட்டும் அங்கே இருக்கட்டும் என்று அவர்தான் முடிவு செய்தார். இரண்டு வருஷம் முடிந்து இன்னொரு வருஷமும் ஓடிவிட்டது. அவர் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை, அவள் கேட்கவும் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய் இரண்டு நாள் இருந்துவிட்டுத் திரும்புவார்கள். கிளம்பும்போது பாப்பா கேட்டுக்கு உள்ளேயே நின்று கைகாட்டும். போன முறை அதுவும் காட்டவில்லை.

அவள் கணவர் நில அளவைத் துறையில் இருந்தார். ஆபீஸில் சர்வேயர், அக்கம்பக்கத்தில் சர்வேயர், கோபம் வரும்போது அவள் மனதுக்குள்ளும் சர்வேயர்தான். எந்த ஊருக்குப் பின்னால் எந்த வண்டித்தடம் போய் எங்கே ஏறுகிறது என்று தலைக்குள் வரைபடம் வைத்திருப்பவர். அதனாலேயே டோல் கட்டமாட்டார். வசதி இல்லாமல் இல்லை. என் வண்டியை நிறுத்தக் கட்டையைப் போட இவன் யார் என்பது அவர் கட்சி. ஒவ்வொரு சாவடிக்கும் முன்னால் ஓரமாக இறங்கி, ஊர்களுக்குள் புகுந்து சுற்றி, அதைத் தாண்டி மறுபடி ஏறுவார். கண்ணாடியில் ஒட்டியிருந்த டோல் டேக்கைக்கூடப் போன வருஷமே உரித்து எடுத்து, வெள்ளித்தாளில் சுற்றி, முன்சீட்டுக்கு எதிரே மூடி போட்ட சின்ன அறைக்குள் போட்டுவிட்டார். ஒட்டியிருந்த இடத்தில் பசைக்கறை மட்டும் சதுரமாக இருந்தது.

பத்தே முக்காலுக்குக் கிளம்பினார்கள். முதல் சாவடிக்கு முன்னால் வழக்கம்போல இறங்கி, சுவர் விளம்பரங்கள் உரிந்து தொங்கும் ஒரு தெருவுக்குள் கார் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தபோது அவள் போன் ஒலித்தது. டேக் வாங்கும்போது அவர் கொடுத்தது அவள் நம்பரைத்தான். அவருக்கு மெசேஜ் சத்தம் ஆகாது.

உங்கள் வாகனம் முதல் சாவடியைக் கடந்தது. நேரம் 11.42.

அவள் மணியைப் பார்த்தாள். 11.43. கார் ஒரு பூட்டிய அரிசி மில்லின் சுவரை ஒட்டி ஊர்ந்துகொண்டிருந்தது. அறையைத் திறந்து வெள்ளித்தாளைப் பிரித்தாள். டேக் உள்ளேயே இருந்தது.

“அதை எதுக்கு நோண்டற?” என்றார்.

சொன்னாள். அவர் அலட்டிக்கொள்ளவில்லை. எவனோ நம் நம்பரில் திருட்டு டேக் அடித்து ஓட்டுகிறான், புகார் கொடு, போட்டோ அனுப்புவார்கள், ஆளைப் பிடித்து விடலாம் என்றார். நியாயமாகத்தான் பட்டது. தெருவிலிருந்தே ஆப்பில் புகாரைத் தட்டிவிட்டாள். லேபில் ஒரு முறை வந்த முடிவை அவள் நம்புவதில்லை. இரண்டாம் முறையும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவாள்.

இரண்டாம் முடிவு 1.05க்கு வந்தது. இரண்டாம் சாவடி. அவர்கள் அதன் கிட்டக்கூட இன்னும் போகவில்லை.

அந்தக் கார் நேர் ரோட்டில், அவர்கள் போகிற திசையிலேயே, அவர்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது.

வெயில் முன்கண்ணாடி வழியாக மடியில் விழுந்து சுட்டது. ஏசி போட்டால் வண்டி மேட்டில் இழுக்காது என்று அவர் அணைத்து வைத்திருந்தார். ஜன்னலைத் திறந்தால் புழுதி, மூடினால் பழைய சீட் உறையின் வியர்வை வாடை. இப்போது கேட்டுவிடலாம் என்று தொண்டையைச் செருமினாள்.

“ஏங்க, பாப்பா விஷயம்...”

“இரு. இந்தத் திருப்பத்தைப் பாத்துக்கறேன்.”

திருப்பம் முடிந்தது. இன்னொரு திருப்பம் வந்தது. அவரிடம் எப்போதும் இன்னொரு திருப்பம் இருக்கும். பேச்சிலும் அப்படித்தான், கட்டை தெரிந்தால் பத்தடி முன்னாலேயே இறங்கிவிடுவார். கல்யாணம் ஆகிப் பத்து வருஷமாக அவளும் அவர் பின்னாலேயே சுற்றுப்பாதையில் வந்துகொண்டிருக்கிறாள்.

2.20க்கு மூன்றாம் சாவடி. 3.30க்கு நான்காம் சாவடி. நான்காவதுதான் கடைசி. அதிலிருந்து அக்கா வீடு அரை மணி நேரம். திருடனுக்கு அந்த ஊரில் என்ன வேலை என்று அவள் கேட்டாள். அவர் ரேடியோவைத் திருகினார். அதில் இரைச்சல் மட்டும் வந்தது. ஆனாலும் அவர் அணைக்கவில்லை.

மூன்றாம் சாவடியைச் சுற்றும் பாதையில்தான் வழி அடைபட்டது. அவர் எப்போதும் போகும் மண்தடத்தின் குறுக்கே ஆளுயரப் பாறைகளை வரிசையாகப் புரட்டிப் போட்டிருந்தார்கள். பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். துண்டால் மூக்கையும் வாயையும் கட்டியிருந்தான். சர்வேயர் கண்ணாடியை இறக்கி வேறு வழி கேட்டார். அவன் எழுந்திருக்கவில்லை. காரின் முன்பக்கத்தில் நசுங்கியிருந்த விளக்கோரத்தையும் செங்கல் நிறத்தையும் நம்பர் பலகையையும் நிதானமாகப் பார்த்தான்.

“உங்க வண்டிங்க போய்ப் போய்த்தான் எங்க ரோடு நாசமாச்சு. காசு மிச்சம் பண்ணத்தானே வந்தீங்க? நல்லா மிச்சம் பண்ணுங்க.”

அவர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு காரைப் பின்னால் எடுத்தார். அந்த ஆள் அவர் பக்கம் பார்க்கவே இல்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், வீட்டு வாசலில் நிற்கும் அறிமுகமில்லாத ஆளைப் பார்ப்பதுபோல.

அதன்பின் கல்குவாரிப் பாதை. இரண்டு பக்கமும் வெட்டிய பாறைச் சுவர், நடுவே வெள்ளைப் பொடி மூடிய தடம், ஓட்டுநர் இல்லாமல் வரிசையாக நின்ற லாரிகள், எங்கோ ஆழத்தில் தேங்கிய தண்ணீரின் பாசி வாடை. ஒரு மணி நேரத்தில் அதே உடைந்த லாரியை மூன்று முறை பார்த்தார்கள். தன் வரைபடத்தில் இல்லாத இடத்துக்கு வந்துவிட்டதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. தாடையை மட்டும் இறுக்கிக்கொண்டார். டயருக்கு அடியில் கற்கள் நொறுங்கும் சத்தம் பாறையில் பட்டுத் திரும்பி வந்தது, பின்னால் இன்னொரு வண்டி வருவதுபோல. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு மேட்டில் ஏறியபோது சிக்னல் கிடைத்தது. புகாருக்குப் பதில் வந்திருந்தது. உள்ளே போட்டோ.

செங்கல் நிறக் கார். நசுங்கிய விளக்கு. கண்ணாடியில், பசைக்கறை இருக்க வேண்டிய இடத்தில், டேக். ஓட்டுபவர் அவர்தான். பக்கத்தில் இருந்தது அவள். நேற்று வாங்கி இன்று காலை முதல்முறையாகக் கட்டிய கடுகு நிறப் புடவை. போட்டோவில் அவள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். உதடுகள் பாதி திறந்திருந்தன. அவர் ரோட்டைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் கையில் ரோமம் குத்திட்டது அங்கேதான். முகமும் புடவையும் ஒத்துப்போனதைக்கூட மனம் எப்படியோ தாங்கிக்கொண்டது. அவள் பேசும்போது அவர் இப்படித் திரும்பிப் பார்த்ததே கிடையாது.

போனை அவர் முன்னால் நீட்டினாள். அரைக்கண்ணால் பார்த்தார்.

“பழைய போட்டோ.”

“இந்தப் புடவை நேத்துதான்...”

“அனுப்பறவன் எதையாவது அனுப்புவான். இரு, இந்தத் திருப்பத்தைப் பாத்துக்கறேன்.”

அக்காவைக் கூப்பிட்டாள். மணி 5.10. இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள். குரலில் சிரிப்பு இருந்தது. கொஞ்சம் அழுத சுவடும் இருந்தது.

“என்னடி, எதை மறந்து வச்சுட்டுப் போன? இப்பத்தானே கிளம்பினீங்க.”

அவள் மணியை மறுபடி பார்த்தாள். அக்காவே பேசினாள். நாலு மணிக்கெல்லாம் வந்து நின்றதில் ஆச்சரியமாம். உள்ளே வந்து உட்கார்ந்ததும் அவரே பேச்சை எடுத்தாராம். பாப்பாவின் துணிமணி, புத்தகம், எல்லாவற்றையும் ஒரு மணி நேரத்தில் மூட்டை கட்டியாகிவிட்டதாம்.

“அவர் வாயாலேயே சொன்னாருடி. ‘அண்ணி, வர்ற வழியில இவ கேட்டா. எனக்கு மாட்டேன்னு சொல்லத் தோணலை, பாப்பாவைக் கூட்டிட்டுப் போறோம்’னு. நான் சொன்னேன்ல, கேட்டா ஒத்துப்பார்னு? இதுக்குப்போய் மூணு வருஷமா முழுங்கிக்கிட்டு இருந்தியே.”

“அக்கா, நாங்க இன்னும் வரவே இல்லை.”

“என்ன? சரியா கேக்கலை. பாப்பா பின் சீட்டுல உக்காந்து தெரு முனை வரைக்கும் கைகாட்டிட்டே...”

கார் மேட்டிலிருந்து இறங்கியது. லைன் போய்விட்டது.

அவள் முன்சீட்டு அறையைத் திறந்தாள். இரண்டாம் முறை ஓட்டிப் பார்க்க வேண்டும். வெள்ளித்தாள் மடிப்புக் கலையாமல் இருந்தது. பிரித்தாள்.

காலி.

5.31க்குப் போன் ஒலித்தது. சிக்னல் கம்பிகள் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் ஒலித்தது.

உங்கள் வாகனம் நான்காம் சாவடியைக் கடந்தது.

திரும்பி வருகிறார்கள்.

நான்காவதிலிருந்து மூன்றாவதுக்கு எழுபது நிமிஷம் என்று மதியமே கணக்கு வந்துவிட்டது. 6.41. அதற்குள் நேர் ரோட்டில் ஏற வேண்டும். தவறவிட்டால் அந்தக் கார் அவள் வீட்டு வாசலில் போய்த்தான் நிற்கும். பாப்பா கதவைத் தட்ட வேண்டியிருக்காது. சாவியும் அவர்களிடம் இருக்கும்.

“சாவடிக்குப் போங்க. டோல் கட்டிட்டுப் போகலாம்,” என்றாள்.

“கட்டமாட்டேன்னு தெரியும்ல.”

“அக்கா வீட்டுலேர்ந்து பாப்பாவைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க.”

“யாரு?”

அவள் போட்டோவை மறுபடி அவர் முன்னால் நீட்டினாள்.

அவர் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். அவர் கழுத்தோரம் வியர்வை வழிந்தது. ரேடியோ இரைச்சலுக்குள் ஒரு குழந்தை சிரித்ததா, இல்லை, பெல்ட் தேய்கிற சத்தமா? அவள் அணைத்தாள். சிரிப்பு நிற்க ஒரு நொடி ஆயிற்று.

ஆறு மணி. பாறை. லாரி. அதே லாரி. ஆறே கால். வெளிச்சம் மங்கியது. வெள்ளைப் பொடி நீலமாயிற்று. ஒரு சந்து. முள். கார் கதவை யாரோ நகத்தால் கீறுவதுபோல முள். ஒரு சரிவு. அதற்கு மேலே, திடீரென்று, நேர் ரோடு.

6.36.

பின்னால் கொஞ்ச தூரத்தில் மூன்றாம் சாவடியின் விளக்குகள் எரிந்தன. இரண்டு பக்கமும் ஒரு வண்டிகூட இல்லை. அவள் கைபிரேக்கை இழுத்தாள். கார் முனகி நின்றது.

6.38. எதிர்த்தடத்தில் வெகுதூரத்தில் ஒரு வெளிச்சம். இரண்டு விளக்கு. ஒன்று கோணலாக.

கிட்டே வந்ததும் வேகம் குறைந்தது. உள்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பாப்பாவுக்கு இருட்டு ஆகாது, அதனால் போட்டிருப்பார்கள். அவராக இருந்தால் போடவிடமாட்டார், கண் கூசுகிறது என்பார். அந்தக் காரில் இருந்த அவர் போட்டிருந்தார்.

நடுத்தடுப்புக்கு அந்தப் பக்கம், பத்தடி தூரத்தில், செங்கல் நிறக் கார் ஊர்ந்து கடந்தது. பின் சீட்டுக் கண்ணாடியில் நெற்றியை ஒட்டி வைத்திருந்தது பாப்பா. இரட்டைப் பின்னல். முன்பல் ஒன்று இல்லை. அது எப்போது விழுந்ததென்று அவளுக்குத் தெரியாது. அவள் கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே நீட்டினாள். பாப்பா பார்த்தது. நேராக அவளைத்தான். முகத்தில் எதுவும் அசையவில்லை. ரோட்டோரத்தில் அடிபட்டுக் கிடப்பதைப் பார்க்கும் பார்வை.

முன்சீட்டிலிருந்து கடுகு நிறப் புடவைத் தலைப்பு திரும்பியது. அவள் முகம். அந்த முகத்தில் கோபம் இல்லை, வெற்றி இல்லை. ஒரு அம்மாவின் கவலை மட்டும் இருந்தது. கையைப் பின்னால் நீட்டி, அதையெல்லாம் பார்க்காதே கண்ணு என்பதுபோல, பாப்பாவின் கண்களை மெல்லப் பொத்தினாள்.

சிவப்பு விளக்குகள் சாவடியை நோக்கிப் போயின. கட்டை தானாக உயர்ந்தது.

மடியில் போன் ஒலித்தது. அவள் பார்க்கவில்லை.

பக்கத்தில் அவர் மூச்சு சத்தமாகக் கேட்டது. இந்த முறை சொல்வதற்கு அவரிடம் எந்தத் திருப்பமும் இல்லை. மெதுவாகக் கழுத்தைத் திருப்பி, பத்து வருஷத்தில் முதல்முறையாக, அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று அவள் முகத்தையே பார்த்தார்.

அவள் சொன்னாள்.

“பாப்பாவை நம்மகூடவே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாங்க.”