கோதண்டம் காக்கும் திடல்

எங்கள் தெருவில் பல் தேய்ப்பதற்கு முன்பே எல்லாரும் ஜன்னலைத் திறந்து திடல் கம்பத்தைத்தான் பார்ப்போம். பச்சை விளக்கு எரிந்தால் நிம்மதி. சிவப்பானால் போச்சு, கட்டுமான இயந்திரங்கள் வந்து இறங்கிவிடும். வடசென்னையில் மற்ற திடல்களெல்லாம் அப்படித்தான் மாடிவீடுகளாயின.

ஆளில்லாத நிலம் யாருக்கும் வேண்டாத நிலம் என்பது சட்டம். நம் பிடரியில் பதித்திருக்கும் உயிர்ச்சில்லைக் கம்பத்திலிருக்கும் நிலக்கண் என்ற கருவி தேடிக்கொண்டே இருக்கும். திடலில் எப்போதும் ஒருவராவது இருந்தாக வேண்டும். அதற்காகத்தான் காப்புக் குழு தொடங்கி, வெயிலிலும் மழையிலும் முறை வைத்து உட்கார்ந்தோம்.

போன ஆண்டு, முறைக்கு வந்த கோதண்டம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தபடியே இறந்துபோனார். விளக்கு மட்டும் பச்சையாகவே எரிந்தது. உடம்பிலிருந்து பிடுங்கினால்தான் சில்லு சாகுமாம். உடம்போடு புதைத்தால் ஓராண்டுக்கு நிலக்கண்ணோடு பேசிக்கொண்டே இருக்குமாம். அவரை அங்கேயே புதைத்தோம். அன்றோடு முறை நின்றது. பொய் சொல்வானேன், அப்பாடா என்றிருந்தது.

ஓராண்டு முடியப்போகும் இந்த வாரம் விளக்கு மினுக்கத் தொடங்கியது. நேற்று குழுத் தலைவர் தணிகாசலம் நாலு பேரோடு எங்கள் வீட்டுக்கு வந்தார், கையில் ஆப்பிளோடு. நுரையீரல் நோயில் மாதக்கணக்கில் கிடக்கும் என் கணவர் குணாளனை அதுவரை எட்டிக்கூடப் பார்க்காதவர்கள்.

“என்ன குணா, டாக்டரு என்ன சொல்றாரு?”

“தேறிட்டேண்ணே! அடுத்த மாசம் எழுந்து நடக்கலாமாம்.”

ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. தணிகாசலம் ஜன்னல் வழியே விளக்கைப் பார்த்தார். “அடுத்த மாசமா…” என்றார் மெதுவாக.

நான் கட்டிலுக்குக் குறுக்கே போய் நின்றேன். “முறைக்கு ஆளுதானே வேணும்? ராவும் பகலும் நானே உக்கார்றேன். இனிமே எவனும் என் வீட்டுப் படி ஏறக்கூடாது, சொல்லிட்டேன்!”

“உனக்கு எதுக்கும்மா சிரமம்?” என்றார் தணிகாசலம். வேறு யாரையும் அனுப்புவதாகச் சொல்லவில்லை.

இன்று வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறேன். விளக்கு மினுக்காமல் எரிகிறது. பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். மத்தியானம் வாடைக்காற்றில் இரண்டு தரம் இருமினேன். பொழுது சாய்வதற்குள் தணிகாசலம் வந்துவிட்டார், கையில் ஆப்பிளோடு.

“உடம்பு எப்படிம்மா இருக்கு?”

“எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்.”

அவர் போகவில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்தார். தொண்டையில் மறுபடியும் அரித்தது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன்.