பட்டன் டப்பாவில் பத்து மாத்திரை

மாமியார் பட்டன் டப்பாவைத் திறந்தது சட்டைக்கு ஒரு பட்டன் தேடித்தான். கையில் வந்தது மாத்திரை அட்டை. பத்தும் அப்படியே இருந்தன.

"இது என்னடி?"

மருமகள் கையிலிருந்த வெந்நீர்ச் செம்பை மேடைமேல் வைத்தாள். இல்லாவிட்டால் கீழே போட்டிருப்பாள். ஆறு நாளாக எதற்கு நடுங்கிக்கொண்டிருந்தாளோ அது வந்தேவிட்டது.

உள்ளறையில் படுத்திருந்தவன் அவள் கணவன், பேருந்து ஓட்டுநர். கொரோனா வந்து ஒன்பதாம் நாள். மூன்றாம் நாள் அந்த அட்டையைக் கொண்டுவந்தவன், மருந்துக்கடையில் வேலை பார்க்கும் கொழுந்தன். "ஆஸ்பத்திரியில மூச்சு முட்டுறவங்களுக்கு இதைத்தான் குடுக்கறாங்க அண்ணி. நாம முந்திக்கிட்டா அண்ணனுக்கு அந்த நிலைமையே வராது" என்றான். அண்ணன் என்றால் அவனுக்கு உயிர். அந்தப் பாசம்தான் வினையாகப் பார்த்தது.

அவள் டாக்டருக்குப் போன் செய்து கேட்டாள். "இப்ப குடுக்காதீங்கம்மா. உடம்பு கிருமியோட சண்டை போடற நேரம் இது. அந்த மாத்திரை உடம்போட கையைக் கட்டிப் போட்டுடும். ரெண்டாவது வாரம்தான் ஆபத்து. கிருமி அடங்கினாலும் சில பேருக்கு உடம்பு சண்டையை நிறுத்தாது, சொந்த நுரையீரலையே அடிச்சுடும். காய்ச்சல் விட்டுடுச்சேன்னு அசந்துடாதீங்க. ஆக்சிஜன் தொண்ணூத்தி நாலுக்குக் கீழ போச்சுன்னா உடனே வந்துடுங்க."

வீட்டில் சொல்லத்தான் சொன்னாள். கொழுந்தன் சிரித்தான். மாமியார் சிரிக்கவில்லை. "அவனுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சுடுச்சா? தையல் மெஷின்ல உக்காந்து டாக்டருக்குப் படிச்சியோ?"

அதற்கப்புறம் அவள் வாயைத் திறக்கவில்லை. அட்டையை டப்பாவில் ஒளித்துவிட்டு, தினமும் 'குடுத்துட்டேன்' என்று கூசாமல் பொய் சொன்னாள்.

"பச்சைப் பொய்..." மாமியாரின் குரல் உடைந்தது. "என் புள்ள காய்ச்சல்ல கொதிச்சுக் கிடந்தான். நீ மருந்தைப் பட்டனோட போட்டு மூடி வச்சிருக்கே. உன்னை நம்பி ஒப்படைச்சேனே, பாவி... ஏதோ அவன் ஆயுசு கெட்டி, இன்னிக்குக் காலையில காய்ச்சல் விட்டுது."

காய்ச்சல் விட்டதும் அசந்துவிடக் கூடாதென்று டாக்டர் சொன்னது அவளுக்கு நினைவு வந்தது. உள்ளே போய்க் கணவனின் விரலில் ஆக்சிஜன் அளவு காட்டும் கருவியை மாட்டினாள். அவன் தெம்பாகவே இருந்தான். "ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கறே? நான் நல்லாத்தானே இருக்கேன்" என்றான்.

எண்பத்தொன்பது. விரலைத் துடைத்து, வேறு விரலில் மாட்டினாள். எண்பத்தெட்டு.

"அத்தை, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பணும்."

மாமியார் வாசலை மறித்து நின்றாள். "நல்லா ஆனவனைக் கொண்டு போய் அங்க தள்ளப் பாக்கறியா? மருந்தை ஒளிச்சு வச்சது பத்தலையா உனக்கு?"

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவள் எதிர்த்துப் பேசியதில்லை. "என்னை அப்புறமா வெட்டிப் போடுங்க அத்தை. இப்ப வழி விடுங்க."

சத்தம் கேட்டு வந்த கொழுந்தன் கருவியைப் பார்த்தான். முகம் வெளுத்தது. வண்டி பிடிக்க ஓடினான்.

ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் மாட்டிய பிறகு அதே டாக்டர் கேட்டார். "இதுக்கு முன்னாடி அந்த ஸ்டீராய்டு மாத்திரையைக் குடுத்தீங்களா?"

"இல்ல டாக்டர்" என்றாள் அவள்.

"நல்ல வேளை. முதல்லயே குடுத்திருந்தா கிருமிக்குக் கதவைத் திறந்து விட்ட மாதிரி ஆகியிருக்கலாம். இப்பதான் அதுக்கு நேரம். இன்னிக்கே ஆரம்பிக்கறோம். ஆனா ரெண்டு மூணு நாள் போனாத்தான் எதுவும் சொல்ல முடியும்."

கொழுந்தன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். வராந்தா பெஞ்சில் ஒரு கோடியில் அவள், மறுகோடியில் மாமியார். கதவு திறக்கும்போதெல்லாம் இரண்டு பேருக்கும் உயிர் போய் வந்தது. நான்காம் நாள் மத்தியானம் நர்ஸ் வந்து, ஆக்சிஜனைக் குறைத்துவிட்டார்கள், பிழைத்துக்கொண்டார் என்றாள்.

மாமியார் பெஞ்சில் நகர்ந்து நகர்ந்து அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஒளிச்சு வச்சதை எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா நீங்க எடுத்துக் குடுத்திருப்பீங்க அத்தை."

"குடுத்திருப்பேன்" என்றாள் மாமியார். "உனக்குத் தெரியாம, பால்ல கரைச்சாவது குடுத்திருப்பேன். என் கையாலயே..."

அப்போதுதான் அத்தனை நாளும் அழாத மருமகள் உடைந்தாள். "நான் மட்டும் என்னத்தைக் கண்டேன் அத்தை? டாக்டர் போன்ல ரெண்டு நிமிஷம் பேசினதுதான். உங்க புள்ள இருமறப்பல்லாம் ஓடிப் போய் டப்பாவைத் திறப்பேன். நாமளே கொல்றோமோன்னு நெனைப்பேன். திரும்ப மூடுவேன்..."

மாமியார் அவளை அப்படியே இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"இத்தனை பயத்தையும் வச்சுக்கிட்டா எங்கிட்ட ஏச்சும் வாங்கிட்டு நின்னே?"

மருமகள் ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.