கதிர்க்குருவி சாட்சி

கார்த்திகை பத்தாம் தேதி, காலை ஆறு மணி. மூன்றாவது நாளாக இசக்கியம்மாள் ஊர்ப் புளியமரத்தடியில், குருவிக் குரலைப் பதியும் செவிப்பெட்டியை வைத்து, அதன் சென்சாரைத் துடைத்து, நோட்டில் நேரத்தைக் குறித்தாள். மாவட்டத்தில் மிஞ்சியிருந்த ஒன்பது ஊர்களுக்கும் அவள்தான் அரசுக் கேட்பாளர்.

இமயத்திலிருந்து பச்சைக் கதிர்க்குருவி வந்திறங்கி, மூன்று நாள் காலையில் தொடர்ந்து குரல் கொடுத்தால் அந்த ஊரில் இன்னும் ஓராண்டு குடியிருக்கலாம். விரல் நீளக் குருவி. பூச்சிதான் அதற்குச் சாப்பாடு. பூச்சி செத்த மண்ணின் நீரை மனிதர் குடிக்கக் கூடாது என்பது நஞ்சாண்டுகளுக்குப் பிறகு வந்த சட்டம். குருவி வராத ஊரை லாரியில் ஏற்றி முகாமுக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

"சிலீ" என்றது குரல். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது.

"பாத்தியளா! மூணு நாளும் ஆச்சு. கையெழுத்தப் போடுங்கம்மா" என்றான் ஊர்ப்பொறுப்பாளன் பூல்பாண்டி. அவன் மனைவி முப்பிடாதிக்கு ஏழு மாதம். போன தடவை முகாமுக்குப் போன லாரிகளில் இரண்டு பிரசவம் நடந்தது; இரண்டு பிள்ளையும் தங்கவில்லை.

இசக்கியம்மாள் பேனாவைத் திறக்கவில்லை. கதிர்க்குருவி ஒரு கொப்பில் நிலைகொள்ளாது, இலைக்கு இலை தாவிக்கொண்டே கத்தும். இந்தக் குரலோ மூன்று நாளும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்தே வந்தது. பெட்டிக்கு அதெல்லாம் தெரியாது.

"அண்ணே, தொட்டிக்குப் பின்னால என்ன இருக்கு?"

"என்னத்த இருக்கும்... பாசிதான்."

"பாசிக்கு றெக்க மொளச்சிருக்கோ?"

அவள் தொட்டியைச் சுற்றிப் போய்ப் பார்த்தாள். கம்பிக்கூண்டுக்குள் குருவி இருந்தது. உரசி உரசி வால் இறகு தேய்ந்து போயிருந்தது.

"பங்குனியில குருவியெல்லாம் வடக்க திரும்புற நேரம் மிஞ்சுனது இது ஒண்ணுதாம்மா. போனா திரும்பாதுன்னு பயம். வலையப் போட்டுட்டேன். தவிட்டுல புழு வளத்துக் குடுக்கேன். முப்பிடாதியக்கூட இப்பிடிப் பாத்ததில்ல." அவன் குரல் இறங்கியது. "எழுதிருங்கம்மா. பிள்ள பொறந்து கழுத்து நிக்கட்டும்."

அவள் கூண்டின் கதவைத் திறந்தாள்.

"ஐயோ, பறந்துரும்!"

"பறக்கட்டும். மரத்துல ஒரு பூச்சியப் பிடிச்சா நான் கையெழுத்துப் போடுதேன்."

குருவி புளியில் போய் உட்கார்ந்தது. இலை இலையாகப் புரட்டியது. வேம்புக்குத் தாவியது, புங்கைக்குப் போனது, மறுபடி புளிக்கு வந்தது. அலகில் ஒரு பூச்சியும் சிக்கவில்லை. இருவரும் அண்ணாந்து நின்றார்கள். ஏழு பத்துக்கு அது தானாகவே கூண்டுக்குள் வந்து புழுக் கிண்ணத்தின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டது.

பூல்பாண்டி கதவைச் சாத்தவில்லை. தொட்டியின் மறுபக்கம் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தான். முப்பிடாதி செம்பை வாயருகே கொண்டுபோய்க் கொண்டிருந்தாள்.

"ஏட்டி, குடிக்காத!"

அவள் குடித்து முடித்து முந்தானையால் வாயைத் துடைத்தாள்.

"இதென்ன புதுசா இருக்கு? விடிஞ்சதுலேர்ந்து நாலாவது செம்பு" என்று வயிற்றைத் தடவிச் சிரித்தாள். "உங்க பிள்ளைக்கு அம்புட்டுத் தாகம்."